நீலக்கண் மணி

பெண்டாட்டி ஜெயிப்பதை அடுத்த நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பது என்ன பாடு என்று தாகிரைக் கேட்டால் தெரியும். கேட்டாலும் சொல்ல மாட்டான். "மாஷா அல்லா, என் வீட்டுக்காரி கெட்டிக்காரி" என்று ஊரே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு, வயிறு எரிய வேலையைப் பார்ப்பான்.

அலெக்ஸாந்திரியாவுக்கு மேற்கே ஏரிக்கரையில் இருக்கிறது அந்த ஆராய்ச்சிக்கூடம். ஒரே மேஜையில் இரண்டு கலங்கள். இடது பக்கம் ஓடுவது தாகிருடையது, வலது பக்கம் ஓடுவது அவன் பெண்டாட்டி ஷாஹிந்தாவுடையது. இரண்டிலும் சூடான காரநீர், இரண்டிலும் மின்சாரம், இரண்டிலும் தண்ணீர் பிரிந்து குமிழியாய்ப் பொங்கிக்கொண்டிருக்கும். ஹைட்ரஜன் வருகிற பக்கத்தில் பெரிய தொல்லை இல்லை. ஆக்சிஜன் வருகிற பக்கம்தான் பொல்லாதது. அங்கே எந்த உலோகத்தை வைத்தாலும் அரித்துத் தின்றுவிடும். அதனால் தகட்டின்மேல் ஓர் ஆக்சைடுத் தோலைப் போர்த்தி வைப்பார்கள். வேலை செய்வது அந்தத் தோல்தான். விலை கூடின உலோகத்தில் செய்தால் நிற்கும், ஆனால் ஹைட்ரஜன் விற்கிற விலைக்கு அது கட்டாது. மலிவான உலோகத்தில் செய்து, அதை நீடித்து நிற்க வைப்பவர் யாரோ அவருக்குத்தான் மாலை.

அந்த மாலைக்கு இந்த வருஷம் ஒரு பெயரும் வந்திருந்தது. செங்கடல் ஓரம் ஐன் ஸொக்னாவில் ஒரு கம்பெனி சோதனை ஆலை கட்டுகிறது. இந்தக் கூடத்திலிருந்து ஒரே ஒரு தகடுதான் அங்கே போகும், செய்தவரும் அதோடு போவார் என்று கூடத்தின் தலைவர் டாக்டர் ரிஃப்அத் சொல்லிவிட்டார். ஒரு தகடு, ஓர் ஆள். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் இடம் கிடையாது.

தாகிருடைய தோல் கோபால்ட்டும் மாங்கனீசும் கலந்தது. பார்க்க ராஜா மாதிரி கன்னங்கரேலென்று இருக்கும். முதல் வாரம் பிரமாதமாக ஓடும். அப்புறம் வோல்டேஜ் மெல்ல ஏறும். வோல்டேஜ் ஏறினால் தகடு களைத்துப்போகிறது என்று அர்த்தம். அதற்கப்புறம் தோல் பொடிப்பொடியாய் உதிர்ந்து காரநீர் டீத்தண்ணீர் மாதிரி ஆகிவிடும். எத்தனை தடவை செய்தாலும் இதே கதை. பக்கத்தில் ஷாஹிந்தாவின் நிக்கல் ஆக்சைடு, கல்யாண வீட்டில் மூலையில் உட்கார்ந்த ஏழைச் சொந்தம் மாதிரி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டே இருந்தது.

"இன்னும் நிக்குதா?" என்று தினம் காலையில் கேட்பான்.

"நிக்குது" என்பாள் அவள். வேறு ஒன்றும் சொல்ல மாட்டாள். அந்த ஒற்றை வார்த்தைதான் அவனைப் போட்டு வறுத்தது. கொஞ்சம் பீற்றிக்கொண்டாலாவது சண்டை போட்டிருக்கலாம்.

அவள் கலத்தின் பக்கத்திலேயே நாளெல்லாம் கிடந்ததால் வீட்டில் பாத்திரம் தேய்ப்பது அவன் தலையில் விழுந்தது. யாரும் சொல்லி விழவில்லை. அப்படியே வந்து விழுந்தது. பிஎச்.டி. முடித்த ஆம்பிளை, அரிசிச் சட்டியின் அடிப்பிடிப்பைக் கம்பிநாரால் சுரண்டிக்கொண்டு, தன் தகடு ஏன் உதிர்கிறது என்று யோசித்துக்கொண்டிருந்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து மாமியார் வீட்டுக்குச் சாப்பிடப் போனார்கள். மாமியார் பெயர் இஃப்ஃபத். ஹஜ்ஜுக்குப் போய் வந்தவள், முயல்கறி போட்டு முலூகியாக் கீரைக் குழம்பு வைப்பதில் தெருவில் அவளை அடிக்க ஆள் இல்லை. சாப்பாடு நடுவில் எழுந்து போய், கைக்குட்டையில் முடிந்த, கண்ணேறு படாமல் காக்கிற ஒரு நீலக்கண் மணியைக் கொண்டுவந்து மகள் கையில் வைத்தாள்.

"உன் மெஷின்ல கட்டுடி. ஊர்க் கண்ணு ஒரே மாதிரி இருக்காது."

"அம்மா, அது லேப். அங்கல்லாம் இதைக் கட்டினா சிரிப்பாங்க."

"சிரிக்கிறவன் கண்ணுதான் மொதல்ல படும். மாப்ளே, நீயே கட்டிடு. நீதானே எப்பவும் பக்கத்துல இருக்கே."

தாகிர் தட்டிலிருந்து தலையை எடுக்கவில்லை. "கட்டிடறேன் அத்தை" என்றான். பிறகு எதற்கும் இருக்கட்டும் என்று "மாஷா அல்லா" என்றும் சொன்னான். கொஞ்சம் சத்தம் கூடிவிட்டது. மாமியார் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே அவனை ஒரு பார்வை பார்த்தாள்.

சனிக்கிழமை அவனே மணியைக் கட்டினான். அவள் கலத்தின் இரும்புச் சட்டத்தில் கறுப்புக் கயிற்றில் தொங்கிக்கொண்டு, அந்த நீலக் கண் நேரே இடது பக்கம் அவனையே பார்த்தது. அன்றைக்குச் சாயங்காலம் அவனுடைய தகடு மறுபடியும் உதிர்ந்தது.

இந்த இடத்தில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நிக்கல்காரர்களுக்கு இரும்பு என்றால் தீட்டு. காரநீரில் துளி இரும்பு கலந்தாலும் எந்த நிக்கலும் துள்ளிக்கொண்டு ஓடும். ஆனால் அந்த ஓட்டம் இரும்பால் வந்தது, உங்கள் ஆக்சைடால் வந்ததல்ல. கொஞ்ச நாளில் இரும்பு தோலை விட்டுக் கழன்று போகும், ஓட்டமும் போகும். அதனால் உலகத்தில் யார் நிக்கல் ஆக்சைடு என்று வாயைத் திறந்தாலும் முதல் கேள்வி "காரத்தைச் சுத்தம் செய்தீர்களா?" என்பதுதான். ஷாஹிந்தா கலத்தை ஓட்டுவதற்கு முன் காரநீரைத் திரும்பத் திரும்ப வடிகட்டுவாள். கைக்கடிகாரத்தைக்கூடக் கழற்றி வைத்துவிட்டுத்தான், கலத்துக்குக் காரநீர் போகிற தொட்டியின் மூடியைத் திறப்பாள். "எங்கிட்ட இரும்பு கெடையாது" என்பதுதான் அவளுடைய ஒரே பெருமை.

அந்தப் பெருமையில்தான் தாகிரின் கண் விழுந்தது. அவளுடைய கலத்தைக் கொல்ல அவன் நினைக்கவில்லை. அப்படி நினைத்திருந்தால்கூட மன்னித்திருக்கலாம். மாசக் கடைசியில் காரநீரைச் சோதனைக்கு எடுப்பார்கள், அதில் இரும்பு தெரிய வேண்டும், "உன் நிக்கல் ஒன்றுமில்லை அம்மா, எல்லாம் அழுக்கு செய்த வேலை" என்று டாக்டர் ரிஃப்அத் வாயால் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் அவன் கேட்டது. ஆளை விட்டுவிட்டு மானத்தை மட்டும் எடுப்பது.

ஒரு மதியம் எல்லாரும் வெளியே, மொச்சையை வேகவைத்து விற்கிற ஃபூல் வண்டிக்குப் போயிருந்தார்கள். ஷாஹிந்தாவும் போயிருந்தாள். அவன் பையில் ஒரு டிஷ்யூ காகிதம், அதற்குள் வீட்டுத் தொட்டியிலிருந்து பிய்த்துக் கழுவின கம்பிநார். துருப்பிடிக்கிற மலிவு ரகம். விரல்நகம் அளவு கிள்ளி எடுத்து, காரநீர்த் தொட்டியின் மூடியைத் தூக்கிப் போட்டான். அது சுருண்டு அடியில் போய் உட்கார்ந்தது. மூடியை மூடினான். நீலக் கண் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டு, தானும் ஃபூல் சாப்பிடப் போனான். நன்றாகவே சாப்பிட்டான்.

அவனுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. ஷாஹிந்தாவின் தகடும் களைத்துக்கொண்டுதான் இருந்தது. "நிக்குது, நிக்குது" என்று அவள் சொன்னதெல்லாம் வாய் வார்த்தை. வோல்டேஜ் மயிரிழை மயிரிழையாய் ஏறிக்கொண்டிருந்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை, புருஷனிடம் நிச்சயமாகச் சொல்லவில்லை. கம்பிநார் விழுந்த மறுநாளே அந்தக் கோடு தலைகீழாய் இறங்க ஆரம்பித்தது. இறங்கி, மறுபடி ஏறாமல் நேர்கோடாய் நின்றது.

மாசக் கடைசியில் சோதனை முடிவு வந்தது. இரும்பு. தாகிர் தன் மேஜையில் தலையைக் குனிந்து உட்கார்ந்து, காதை மட்டும் கூர்மையாக வைத்திருந்தான். ஷாஹிந்தாவின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்துவிட்டது. யாரும் கூப்பிடுவதற்கு முன் அவளே டாக்டர் ரிஃப்அத்தின் அறைக்குப் போனாள். கதவு திறந்தே இருந்தது.

"டாக்டர், என் தொட்டியில இரும்பு இருக்கு. எங்கேருந்து வந்துச்சுன்னு சத்தியமா தெரியல."

"ஓடுதா?"

"ஓடுது. முன்னவிட நல்லா ஓடுது."

"இரும்பால ஓடுதுன்னா பத்து நாள்ல படுத்துரும். படுக்கட்டும், அப்புறம் பேசலாம். அதுவரைக்கும் யாரும் தொடாதீங்க. ஓடுற கலத்தைத் தெறந்தா கைய ஒடிப்பேன்."

அது அந்தக் கூடத்தின் சட்டம். ஓடுகிற கலத்தை யாரும் திறக்கக் கூடாது. தண்ணீர் ஊற்றுவதும் சோதனைக்கு எடுப்பதும் குழாய் வழியாகத்தான், தொட்டி மூடியைக்கூடத் தூக்கக் கூடாது. தாகிர் தன் திருட்டுத்தனத்தை யாரும் பார்க்கப் போவதில்லை என்று நிம்மதியாக மூச்சு விட்டான். பத்து நாளில் படுத்துவிடும் என்று அவனும் நம்பினான்.

படுக்கவில்லை. குளிர்காலம் வந்து கடல் சாலையில் அலை ஏறி அடித்தது, அப்போதும் ஓடியது. ரமலான் வந்து போனது, அப்போதும் ஓடியது. கெய்ரோவிலிருந்து ஆட்கள் வந்து கலத்துக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். இரும்பு இருந்தும் ஏன் கழன்று போகவில்லை என்று யாருக்கும் புரியவில்லை. டீ கொண்டுவருகிற ஆள் மட்டும் தெளிவாக இருந்தான். "மணிதான் டாக்டரம்மா காப்பாத்துது. பாருங்க, அது கண்ணை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டுருக்கு. எல்லாரோட பொறாமையும் சுவத்துல போய் அடிக்குது" என்றான்.

தாகிரின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். அவளை அசிங்கப்படுத்தப் போட்ட இரும்பு அவளைத் தலையில் தூக்கிவைத்து ஆடுகிறது. கலத்தைப் பார்க்கும்போதெல்லாம் 'அது என் கம்பிநார்' என்று கத்த வேண்டும்போல் இருந்தது அவனுக்கு. கத்தினால் போட்டதையும் சொல்ல வேண்டும். வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் பாத்திரம் தேய்த்தான்.

அப்புறம் கம்பெனிக்காரர்கள் வந்து ஒரு வார்த்தை சொன்னார்கள். "ஒண்ணு ஓடினா அதிர்ஷ்டம். இதே மாதிரி இன்னொண்ணு செஞ்சு காட்டுங்க, ஒப்பந்தம் போடலாம்."

ஷாஹிந்தா செய்தாள். அதே நிக்கல், அதே காரம், சோதனையில் தெரிந்த அதே அளவு இரும்பு உப்பு. குதித்துக்கொண்டு ஓடிற்று, ஒரு வாரத்தில் படுத்தது. இரும்பைக் கூட்டிப் பார்த்தாள். தொட்டியெல்லாம் துருச் சேறாகி இன்னும் சீக்கிரம் படுத்தது. குறைத்துப் பார்த்தாள். அதுவும் படுத்தது. கூடத்தில் பேச்சு மாறியது. முன்பு போட்டோ எடுத்தவர்களே, "முதல் கலத்துல என்னத்தைக் கலந்தாளோ" என்று தேநீர் மேஜையில் கிசுகிசுத்தார்கள். கம்பெனிக்காரர்கள் திரும்பி வர நாள் குறித்தாயிற்று. அதற்குள் இரண்டாவது நிற்காவிட்டால் அவள் பெயர் பொய்க்காரி என்றுதான் எழுதப்படும். தாகிருக்கு இதுதானே வேண்டியிருந்தது? வந்தது. ஆனால் அவள் சாப்பிடாமல் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போகிறபோது அவனும் சாப்பிடாமல் எழுந்து அந்தத் தட்டைத் தேய்க்கப் போனான். இருந்தாலும் அவன் வாயைத் திறக்கவில்லை.

அவன் வாயைத் திறக்க வைத்தது இரக்கம் அல்ல. அதுதான் இந்தக் கதையில் வேடிக்கை.

ஒரு நாள் சாயங்காலம் அவன் வீட்டுத் தொட்டியில் சட்டி தேய்த்துக்கொண்டிருந்தான். முன்னறையில் ஷாஹிந்தா அம்மாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அந்த மணி எந்தக் கடையில வாங்கினே? அதே கடையிலயே இன்னொண்ணு வாங்கு. இல்ல, சிரிக்காதே. நான் எல்லாத்தையும் பண்ணிப் பாத்துட்டேன். முதல் கலத்துல இருந்தது, இதுல இல்லாதது, அது ஒண்ணுதான்."

தாகிர் கையில் சட்டியோடு முன்னறைக்கு வந்துவிட்டான். முழங்கை வரை சோப்பு நுரை.

"மணியா?"

"போனை வெக்கிறேன்மா. என்ன தாகிர்?"

"வேதியியல்ல டாக்டர் பட்டம் வாங்கிட்டு மணியைக் கட்டிப் பாக்கப் போறியா?"

"வேற என்ன பண்ணச் சொல்றே? உனக்கென்ன வந்துச்சு?"

"அதுக்கு மணி காரணம் இல்ல. அந்தக் கண்ணாடித் துண்டுக்கு ஒண்ணும் தெரியாது. நான்தான். நான்தான் போட்டேன்!"

"என்னத்தப் போட்டே?"

அவன் நுரை ஒழுகும் கையை நீட்டினான். கையில் கம்பிநார் இருந்தது.

அவள் அதைப் பார்த்தாள். பிறகு அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான். அறைவாள், அல்லது அழுவாள், அல்லது அம்மா வீட்டுக்குக் கிளம்புவாள். எதற்கும் தயாராக இருந்தான்.

"எவ்வளவு?" என்றாள்.

"என்ன?"

"எவ்வளவு போட்டே? தூளாவா, சுருளாவா?"

"சுருள். நகத்தளவு."

"தொட்டிலயா, கலத்துலயா? தெளிவாச் சொல்லு."

"தொட்டில. அடியில கெடக்கு."

"இன்னும் கெடக்கா!" அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கம்பிநாரிலிருந்து தண்ணீர் அவள் பாவாடையில் சொட்டிக்கொண்டிருந்தது. "அது உள்ளேயே உக்காந்துக்கிட்டு கொஞ்சம் கொஞ்சமாக் கரையுது. தோலை விட்டு இரும்பு கழண்டு போகப் போக, தண்ணியில இருந்து புதுசு வந்து ஒட்டிக்குது. நான் ஒரே நாள்ல மொத்தமாக் கொட்டினேன். அது தினம் தினம் ஊட்டுது. ஐயோ தாகிர், அவ்வளவுதானா!"

அவள் முகம் பளிச்சென்று இருந்தது. கல்யாணத்தன்றுகூட அவன் அந்த முகத்தைப் பார்த்ததில்லை. அதைப் பார்த்ததும் அவனுக்கு வெட்கமும் வந்தது, மறுபடியும் வயிறும் எரிந்தது. கோபப்படக்கூட அவளுக்கு அவன் முக்கியமில்லையா?

கோபம் பிறகுதான் வந்தது. அவள் நிமிர்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"ஏன் போட்டே?"

"சோதனையில தெரியணும்னு."

"தெரிஞ்சா?"

"உன் பேரு போகும்னு."

"நான் உனக்கு என்ன பண்ணினேன்?"

"ஒண்ணும் பண்ணல. உன்னோடது ஓடுச்சு, என்னோடது உதிர்ந்துச்சு. எனக்குத் தாங்கல, ஷாஹி. பொறாமை. வேற பேரு இல்ல அதுக்கு."

அவள் கம்பிநாரை மேஜைமேல் வைத்தாள். பிறகு, "அந்தச் சட்டியைக் கீழே வை. தரையெல்லாம் ஈரம்" என்றாள். எழுந்து போய்ப் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் அவள் புதுக் கலத்தின் தொட்டியில் கம்பிநார் போட்டாள். ஒரு வாரம் தாண்டியும் படுக்காமல், கம்பெனிக்காரர்கள் வந்த அன்று அது அசையாமல் ஓடிக்கொண்டிருந்தது, பக்கத்தில் அதே மாதிரி இன்னொன்றும் ஓடியது. கூட்ட அறையில் டாக்டர் ரிஃப்அத் கேட்டார்.

"இரும்பை மொத்தமாப் போடாம, கரைய விட்டு ஊட்டணும்னு யாருக்குத் தோணுச்சு?"

தாகிர் கடைசி நாற்காலியில் இருந்தான். ஷாஹிந்தா எழுந்து நின்றாள். கதவைச் சாத்திக்கொண்ட நாளிலிருந்து அவனோடு அவள் பேசவில்லை, என்ன சொல்லப் போகிறாள் என்று அவனுக்குத் தெரியாது.

"என் வீட்டுக்காரர் போட்டது, டாக்டர். எங்க வீட்டுப் பாத்திரம் தேய்க்கிற கம்பிநார். எனக்குத் தெரியாமப் போட்டார். என் மேல பொறாமையில போட்டார்."

கம்பெனிக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் வெடித்துச் சிரித்தார்கள். கம்பெனிக்காரர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். டாக்டர் ரிஃப்அத் எழுந்து வந்து தாகிரின் முதுகில் ஓங்கித் தட்டினார்.

"எனக்கும் இப்படி நாலு பொறாமைக்காரன் குடுங்கப்பா! இத்தனை வருஷமா எல்லாரும் இரும்பைத் தொரத்திக்கிட்டுருக்கோம். இவன் அதைக் கூப்பிட்டு உள்ளேயே குடிவெச்சுட்டான்."

"இல்ல டாக்டர், நெஜமாவே..." என்றாள் ஷாஹிந்தா.

"நெஜம்தான்மா, நெஜம்தான். நீ ரொம்ப நல்ல பொண்ணு. புருஷனை விட்டுக்குடுக்காம பேசுறே பாரு."

தாகிர் வாயைத் திறந்தான். "டாக்டர், அவ சொல்றது உண்மை. அவ பேரைக் கெடுக்கத்தான் போட்டேன்" என்றான். இன்னும் பலமாகச் சிரித்தார்கள். எவ்வளவு அடக்கமான ஆள் என்று கம்பெனிக்காரர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். இரண்டு பேர் உண்மையைச் சொல்லியும் ஓர் ஆள் நம்பவில்லை. இரும்பை ஊட்டுகிற வித்தை தெரிந்தவர்தான் ஆலைக்கு வேண்டும் என்று கம்பெனிக்காரர் கேட்டார், டாக்டர் ரிஃப்அத்தும் சரி என்றார். தகடு ஷாஹிந்தாவுடையது போகும். ஆள் தாகிர் போவான். எல்லாரும் கைதட்டினார்கள். ஷாஹிந்தாவும் தட்டினாள்.

தாகிர் அந்த வாரமே தன் கோபால்ட் கலத்தின் தொட்டியிலும் ஒரு சுருள் போட்டுப் பார்த்தான். முதல் வாரம் தாண்டியும் அது உதிராமல் நின்றது. இத்தனை காலம் உதிர்ந்துகொண்டிருந்த கறுப்புத் தோல் இறுகப் பிடித்துக்கொண்டு பொங்கிற்று. காரநீர் பளிங்கு மாதிரி தெளிந்து கிடந்தது. ஆசைப்பட்டதெல்லாம் கைக்கு வந்துவிட்டது, அதைச் சொல்ல அவனுக்குப் பக்கத்து நாற்காலி ஒன்றுதான் இருந்தது.

காலையில் ஷாஹிந்தா வந்தாள். வழக்கம்போல் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்தாள். அவன் கலத்தை ஒரு பார்வை பார்த்தாள்.

"இன்னும் நிக்குதா?"

"நிக்குது" என்றான் அவன்.

அவள் தன் கலத்தின் சட்டத்திலிருந்து நீலக்கண் மணியின் கயிற்றை அவிழ்த்தாள். இடது பக்கம் வந்து அவனுடைய கலத்தில் கட்டினாள்.

"எதுக்கு ஷாஹி? யாரு கண்ணு படப் போவுது?"

"என் கண்ணுதான்" என்றாள் அவள்.

தாகிர் சிரிக்கப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். அவள் தன் நாற்காலிக்குப் போன பிறகு, எழுந்து வந்து அந்தக் கயிற்றின் முடிச்சை இன்னொரு தடவை இறுக்கிக் கட்டினான்.